கிணற்றுக்கு அடுத்த அட்டை

மகள் படிப்பதில் மந்தம் என்று இரண்டாம் வகுப்பு டீச்சர் சொல்லியனுப்பினார். பயந்துபோய், பீரோவில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டாக வெட்டி, ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு சொல் எழுதினேன். தினமும் பள்ளி விட்டு வந்ததும் அவற்றைக் காட்டி, படிக்க எவ்வளவு நேரம் எடுக்கிறாள் என்று போனில் பார்ப்பேன். எம்.ஏ. படித்தவள், இதையாவது சரியாகச் செய்ய வேண்டாமா?

சீக்கிரமே ஒன்று புரிந்தது. மாட்டுக்குப் பிறகு பாலைக் காட்டினால் பார்த்த கணமே சொல்லிவிடுவாள். எங்கள் பக்கம் கோட்டை மலைமேல்தான்; கோட்டை என்றால், அடுத்த அட்டையைத் திருப்பும் முன்பே 'மலை' என்றுவிடுவாள். சம்பந்தமில்லாத சொற்கள் அடுத்தடுத்து வந்தால் எழுத்துக் கூட்டுவாள். எனக்கும் அப்படித்தான். பஸ் ஜன்னலில் எத்தனை பலகைகள் ஓடினாலும், போன ஆடியிலிருந்து, 'மோட்டார் ரிப்பேர்' மட்டும் கண்ணில் வந்து குத்துகிறது.

அந்த ஆடியில்தான், கிணற்று மோட்டாரைச் சரிபார்க்க இறங்கிய என் கணவர் கரண்ட் அடித்து இறந்தார். அன்றே மகளை அனந்தபுரத்தில் என் அக்கா வீட்டில் விட்டோம். காரியம் முடிந்துதான் கூட்டிவந்தோம்.

"கொயந்தைக்கு இன்னாம்மா தெரியும்? நைனா பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்காருன்னு சொல்லு," என்றார் நாத்தனார். மாலை போட்ட படத்தையும் தன் வீட்டுக்கு எடுத்துப்போனார்.

சொன்னேன். முதலில் தினமும் நைனாவுக்குப் போன் போடச் சொன்னாள். பிறகு கேட்கவில்லை. பழகிவிட்டாள் என்று நினைத்தேன். நினைக்க வசதியாக இருந்தது.

ஒருநாள் அட்டைகளைக் கலைத்துப் போட்டுக் காட்டினேன். 'பெங்களூரு' வந்தது. வீட்டில் நூறு முறை சொன்ன பெயர். "பெ... ங்... க..." என்று, கேள்விப்படாத ஊர்போலக் கூட்டினாள். அடுத்து 'கிணறு'. பார்த்ததுமே படித்தாள். நான் அடுத்ததைத் திருப்பும் முன், தானாகவே, "நைனா" என்றாள்.

என் கையில் இருந்தது 'வாளி'.

"வாளிம்மா," என்று திருத்தினேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் வந்தது.

"வாளி," என்றாள், சொன்னபடி.

அட்டைகளைக் கீழே வைத்தேன். "நைனா எங்கடி இருக்காரு?"

"செத்துட்டாரு. கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீ அழுவ."

போனில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திவிட்டு, படத்தை வாங்கி வரலாம் வா என்றேன். நாத்தனார் வீட்டுக்குள் அவள்தான் முன்னால் போனாள். படம் எந்த அறையில் என்று யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை.