முதலைக் குளத்தில் விழுந்த பந்து

எங்கள் ஊர்ப் பெரிய குளத்தில் முதலை இருந்தது. நான் பார்த்ததில்லை, அம்மா சொல்லியிருந்தாள். தெருப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவரவர் அம்மா சொல்லியிருந்ததால் சந்தேகப்பட இடமில்லை. அதனால்தான் நாங்கள் குளத்தில் கால் நனைக்காமல் அரை மைல் நடந்து வாய்க்காலில் தண்ணீர் எடுக்கிறோம் என்று நம்பியிருந்தேன். மேலத்தெருக்காரர்கள் தினமும் அதில் முழுகி எழுவதைப் பார்த்தபோதுகூட, முதலைக்கு ஆள் அடையாளம் தெரியும் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

அது அறுவடைக் கூலிக்காக எங்கள் ஆட்கள் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த சமயம். சென்னையில் ஆட்சி மாறிவிட்டது, நம் வயக்காட்டில் எப்போது மாறும் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். கதிர் முற்றித் தலைசாய்ந்து நிற்க, பண்ணையாளான அப்பா பட்டப்பகலில் வீட்டில் இருந்தார். எங்களுக்கு அது திருவிழா. போதாததற்கு, கும்பகோணத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, லீவுக்கு வந்திருந்தார். எங்கள் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். மாடு சினைபிடிக்காவிட்டாலும் "காலேஜ்ல என்ன சொல்றாங்க?" என்று அவரைத்தான் கேட்பார்கள்.

அவர் எனக்கு நாகூரிலிருந்து வாங்கிவந்த சிவப்பு ரப்பர் பந்து அன்று குளத்தில் போய் விழுந்தது.

பந்துக்கு அந்தப்பக்கம் கல்லெறிந்தால் அலை அதை இந்தப்பக்கம் தள்ளிவரும் என்று நாங்களே கண்டுபிடித்து, எறிந்து தள்ளினோம். அலை ஓடோடி வந்து கரையைத் தொட்டது. பந்து மட்டும் இருந்த இடத்திலேயே ஏறி இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. நான் அழுத அழுகையில் மாமா வந்துவிட்டார்.

"பொழுதுக்கும் எறிஞ்சாலும் வராதுடி."

எங்களை வரிசையாக நிறுத்திக் கைகோக்கச் சொன்னார். முதல் ஆள் உட்கார்ந்து எழ, அவன் எழும்போது அடுத்தவள் உட்கார, வரிசையின் கடைசிவரை ஓர் அலை ஓடியது. கூச்சல் தாங்கவில்லை. இன்னொரு தரம் மாமா, இன்னொரு தரம்!

"அலை எதுவரைக்கும் போச்சு?"

"கடைசி வரைக்கும்!"

"நீங்க?"

குனிந்து காலைப் பார்த்தோம். நின்ற இடத்திலேயே நின்றோம்.

"தண்ணியும் அப்படித்தான். அலைதான் போகும், தண்ணி போகாது. அப்புறம் பந்து எப்படி வரும்?"

"அப்ப என்னதான் மாமா பண்றது?"

மாமா குளத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றி என் தலையில் போட்டார். "யாராச்சும் எறங்கணும்."

"மாமா, முதலை!"

"அதையும் பாத்துடுவோம்."

முழங்கால் தண்ணீரில் அவர் கால் ஒடிந்து வேறு பக்கம் போவதுபோல் தெரிந்தது. "ஐயோ, கடிச்சிருச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டுவிட்டது. "ஒடியலடி, வெளிச்சம் வளையுது!" என்று சிரித்துக்கொண்டே நீந்திப்போய்ப் பந்தைத் தூக்கிக் காட்டினார். நாங்கள் குதித்த குதியில் கரை அதிர்ந்தது.

அப்போதுதான் பண்ணைக் காரியக்காரர் எதிர்க்கரையில் சைக்கிளை நிறுத்தினார். "எவன்டா அவன் குளத்துல? ஏறுடா மேல!" முதலை இருப்பதை எச்சரிக்கிறார், நல்ல மனுஷர் என்று எண்ணிக்கொண்டேன்.

"பந்து விழுந்துடுச்சுங்க."

"எடுத்துட்டீல்ல? ஏறு."

மாமா பந்தைக் கரைக்கு வீசினாரே தவிர ஏறவில்லை. "தண்ணி நல்லா இருக்குங்க."

காரியக்காரர் அப்பாவின் பக்கம் திரும்பினார். "ஏய், ஒன் மச்சானைக் கூட்டிக்கிட்டுப் போ. ஒனக்குப் பண்ணையில வேலை வேணுமா வேணாமா?"

"போய் இழுத்துட்டு வாங்க" என்று அம்மா கெஞ்சினாள். அப்பா படியிறங்கினார். முழங்கால் ஆழத்துக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார்.

"ஆமாங்க. நல்லாத்தான் இருக்கு."

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அத்தை. அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியாதபடி எங்கள் தெருவே இறங்கியது. காரியக்காரர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பண்ணை வீட்டை நோக்கி மிதித்தார்.

"அம்மா, முதலையே இல்லம்மா!" என்று நான் கரையிலிருந்து கத்தினேன்.

"இருக்குடி, இப்பதான் சைக்கிள்ல போவுது!" என்றாள் அத்தை. குளமே சிரித்தது.

முதலை எப்படிச் சைக்கிள் ஓட்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பந்து என் கையில் பத்திரமாக இருந்தும், யாரும் கரையேறாமல், எங்களைப் போலவே ஒருவர் கையை ஒருவர் கோத்துக்கொண்டு, பண்ணை வீட்டுப் பாதையையே ஏன் பார்த்தபடி நின்றார்கள் என்பதும்தான்.