தராசு அண்ணன் ஓட்டிப் பார்த்த கார்

தராசு என்று அந்த கார் பட்டறையின் மெக்கானிக்குக்குப் பட்டம் வைத்தவர் அங்கேயே வேலை செய்யும் பெயிண்டர். வைத்து இருபது வருடம் இருக்கும். ஸ்டீயரிங்கில் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புவார். "முன்னாடி வலது பேரிங்", "பின் சக்கரத்துல எடை சரியில்ல" என்று இறங்கும்போதே சொல்லிவிடுவார். பிரித்துப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். மற்றவர்கள் கம்ப்யூட்டரை மாட்டி மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்ட வண்டிகளை அவர் ஒரே சுற்றில் தீர்த்துவைத்திருக்கிறார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்துகொண்டது. சேராமல் இருக்குமா, அவரும் மனிதர்தானே.

அதனால் பட்டறையில் ஒரு வழக்கம் வந்துவிட்டது. எந்த வண்டி வெளியே போவதானாலும் கடைசியில் தராசு ஓட்டிப் பார்க்க வேண்டும். வேலைச்சீட்டின் அடியில் 'ஓட்டிப் பார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் கையெழுத்து விழுந்தால்தான் சாவி கைமாறும். மின்சார கார்கள் வந்த பிறகு அந்தக் கட்டத்துக்கு மவுசு கூடிப்போயிற்று. இஞ்சின் இரைச்சல் இல்லாத வண்டியில் சின்ன உதறல்கூடப் பெரிதாகத் தெரியும், வண்டிக்காரர்களும் உடனே வந்து நிற்பார்கள். "தராசு அண்ணன் ஓட்டிப் பார்த்தாச்சு" என்று மேனேஜர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

ஆனால் அந்தக் கைகள் இரண்டு வருடமாக மரத்துக்கொண்டு வந்தன. இது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். இருபத்தாறு வருடம் ஏர் கன் பிடித்து நட்டு கழற்றிய கைகள். அந்தச் சனியன் நாள் முழுக்க விரலெலும்பைக் குலுக்கு குலுக்கென்று குலுக்கும். முதலில் காலையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரல் நுனிகள் வெளுத்துப்போயின. பிறகு எறும்பு ஊர்ந்தது. பிறகு எறும்பும் ஊரவில்லை. கீழே விழுந்த வாஷரை எடுக்க மூன்று தடவை துழாவ வேண்டியிருந்தது. நட்டின் மரை தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டு, உதட்டில் வைத்துப் பார்க்கப் பழகிக்கொண்டார். "அண்ணன் நட்டுக்கெல்லாம் முத்தம் குடுக்கறாரு, அண்ணிகிட்ட சொல்லித்தான் வைக்கணும்" என்று பெயிண்டர் கிண்டலடித்தபோது, எல்லோரோடும் சேர்ந்து அவரும் சிரித்துவைத்தார்.

வீட்டில் ஒருநாள் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தார். மனைவி தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "என்னங்க, கையிலயே வச்சுக்கிட்டு எடுக்காம இருக்கீங்க? யாரு போன்ல?" என்றாள். குனிந்து பார்த்தார். சத்தத்தை அணைத்து வைத்திருந்த போன் அவருடைய உள்ளங்கையிலேயே துடித்துக்கொண்டிருந்தது. பார்த்தால்தான் துடிப்பது தெரிந்தது. "பட்டறையிலேர்ந்துதான், காலைல பேசிக்கலாம்" என்று பூசி மெழுகிவிட்டு எழுந்து போனார். மறுநாளிலிருந்து அவருடைய சட்டை பட்டன்களை மனைவியே போட்டுவிட்டாள், அதையும் ஏதோ ஆசையில் செய்வதுபோலச் செய்தாள்.

நிலைமை இப்படி இருக்கும்போதுதான் அந்தச் சாம்பல் நிற மின்சார கார் வந்தது.

கார்க்காரப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைப் பிரிவில் வேலை. வண்டி முதல் தடவை வந்தபோது தராசு விடுப்பில் இருந்தார். மோட்டாரிலிருந்து முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் உள்பக்க ஜாயிண்ட் தேய்ந்திருந்தது. புதுசு போட்டார்கள், உதறல் நின்றது. நாலு மாதம் கழித்துத் திரும்ப வந்தது. தராசு ஓட்டிப் பார்த்தார். கைக்கு ஒன்றும் தெரியவில்லை. புது ஜாயிண்ட் போட்டு நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் எப்படிப் போகும் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். "ஒண்ணும் இல்லையே, மேடம்" என்று கையெழுத்துப் போட்டார். அடுத்த மாதம் மறுபடி வந்தாள். மறுபடி ஓட்டினார். "ஒண்ணும் இல்லையே, மேடம்."

அவர் மூன்றாவது தடவை அதை ஓட்டிப் பார்த்தது ஒரு சனிக்கிழமை காலையில். வரவேற்பறையில் ஏழெட்டுப் பேர் டீ டம்ளரோடு காத்திருந்தார்கள். தராசு ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து அதே பதிலைச் சொன்னார்.

"நாப்பதுலேர்ந்து அறுபதுக்குப் போறப்போ கிர்ருன்னு உதறுது சார்" என்றாள் அவள். "நல்லா அழுத்திப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். ஒண்ணும் இல்லையே, மேடம்."

"எனக்குக் கையில தெரியுதே."

அதோடு விட்டிருக்கலாம். வாய்க்கொழுப்பு விட்டால்தானே. ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, தன் கையைப் பற்றி ஒருத்தி சந்தேகம் கேட்டதுபோல அவருக்குச் சுருக்கென்றிருந்தது. "வண்டி உதறல மேடம். உங்க கைதான் உதறுதோ என்னவோ. அதையும் ஒருதடவை எங்கயாவது காட்டிடுங்க" என்றார்.

டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் புரையேறியது. மேனேஜர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். அவள் மட்டும் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தன் இரண்டு கைகளையும் ஒரு கணம் நீட்டிப் பார்த்தாள். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தராசுக்கு அன்று முழுக்க உற்சாகம்தான். கையில் உணர்ச்சியில்லாத மனுஷன் அடுத்தவள் கையைப் பழித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டிருக்கிறாரே என்று எனக்கே ஆத்திரமாக வருகிறது.

மூன்று வாரம் கழித்து அவள் வந்தாள். கூடவே மூன்று பெண்கள், ஆஸ்பத்திரிச் சீருடையில். நேராக மேசைக்கு வந்து, ஒரு கடிதத்தை எடுத்து தராசின் முன்னால் விரித்து வைத்தாள்.

"என்ன மேடம் இது?"

"நரம்பு டாக்டர் குடுத்தது. என் கை நடுங்கலைன்னு எழுதியிருக்கு, படிச்சுக்கோங்க."

தராசுக்கு முகத்தில் ஈயாடவில்லை. "நான் சும்மா விளையாட்டுக்கு..."

"எங்கப்பாவுக்குக் கை நடுக்கம் இருந்துச்சு சார். அவருக்கும் முதல்ல தெரியல, பக்கத்துல இருந்தவங்கதான் சொன்னாங்க." குரலை அவள் உயர்த்தவே இல்லை. "நான் பச்சக் குழந்தைங்களுக்கு நரம்பு தேடி ரத்தம் எடுக்கறவ. நீங்க சொன்னதக் கேட்டுட்டு அடுத்த குழந்தையத் தொடப் பயமா இருந்துச்சு. நானே போய் பெரிய டாக்டர்கிட்ட சொன்னேன். ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஊசியத் தொடக் கூடாதுன்னுட்டாங்க. மூணு வாரமா வர்றவங்க பேர எழுதிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

பெயிண்டர் கதவருகில் நின்று தலையைச் சொறிந்தார்.

"இவங்க மூணு பேரும் தினமும் என் வண்டியில பின்னாடி உக்காந்து வர்றவங்க. சாட்சிக்குக் கூட்டிட்டு வந்தேன். இப்ப என் முன்னாடி வண்டியப் பாருங்க."

முதலில் அவளும் தராசும் மட்டும் போனார்கள். அவள் ஓட்டினாள். இருவருக்கும் நடுவில் பாதி நிறைந்த தண்ணீர் பாட்டில் ஒன்று செருகியிருந்தது. வேகம் நாற்பதைத் தாண்டியதும் அவள் அழுத்தினாள். "இதோ... தெரியுதா?" தராசு டேஷ்போர்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்திருந்தார். ஒன்றும் தெரியவில்லை. பாட்டிலில் தண்ணீர் சிலுசிலுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. ஏதோ எட்டிப் பார்ப்பதுபோலச் சாய்ந்து, கன்னத்தை ஜன்னல் கண்ணாடியில் வைத்தார். பல்லுக்குள் கிர்ரென்று ஏறியது. இந்தக் கையை வைத்துக்கொண்டு மூன்று தடவை கையெழுத்துப் போட்டிருக்கிறேனே என்று நினைத்தபோது, பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது.

பின்னால் மூன்று பேரையும் ஏற்றிக்கொண்டு போனபோது சந்தேகத்துக்கே இடமில்லை. அவர் போட்டிருந்த மூக்குக்கண்ணாடியே ஆடியது.

வண்டியைத் தூக்கும் லிஃப்டில் ஏற்றிப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. பின்பக்க ஸ்பிரிங்குகள் தளர்ந்து உட்கார்ந்திருந்தன. பின்னால் மூன்று பேர் ஏறினால் வால் இறங்கி மூக்கு தூக்கும். மூக்கு தூக்கினால் முன் ஷாஃப்டுகள் கோணலாகச் சுழலும், அந்தக் கோணலில் ஜாயிண்ட் உள்ளே பள்ளம் விழும். எத்தனை புது ஜாயிண்ட் போட்டாலும் நாலு மாதத்தில் திரும்ப வரும். ஸ்பிரிங்கையும் ஜாயிண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். மாற்றினார்கள். மறுநாள் மாலை நாலு பேரும் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள், உதறல் சுத்தமாக இல்லை.

சாவியை வாங்கும்போது அவள் கேட்டாள். "ஒண்ணே ஒண்ணு சார். மூணு தடவை ஓட்டினீங்களே, உங்களுக்கு ஏன் தெரியல?"

பதில் தயாராகத்தான் இருந்தது. "நான் தனியா ஓட்டினேன் மேடம். பின்னாடி ஆள் இருந்தாதான் அது நல்லா வரும்."

பாதி உண்மை. பின்னால் ஆள் இல்லாமலே பாட்டில் தண்ணீர் நடுங்கியதைப் பார்த்தவர் அவர்தான். அவளுக்கு அது நியாயமாகப் பட்டது. "ஓ, அதுதானா. நாமதான் மொதல்லயே சொல்லியிருக்கணும், நாலு பேரா போறோம்னு" என்று தோழிகளிடம் சொன்னாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, "தேங்க்ஸ் சார்" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் அவரைக் கொன்றது. அவள் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். பழியை அவளே எடுத்துக்கொண்டு நன்றியும் சொல்லிவிட்டுப் போகிறாளே. அவள் வாசல்படி இறங்குவதற்குள் தராசு எழுந்துவிட்டார்.

"மேடம், கொஞ்சம் இருங்க."

வரவேற்பறையில் அன்றும் ஐந்தாறு பேர் இருந்தார்கள். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார்.

"நான் சொன்னது பொய்" என்றார் தராசு. கைகளை நீட்டினார். "தனியா ஓட்டினாலும் தெரியணும். என் கையில உணர்ச்சி இல்ல மேடம். ரெண்டு வருஷமா இல்ல. தெரிஞ்சுதான் மறைச்சேன். தெரிஞ்சுதான் அன்னிக்கு இத்தனை பேர் முன்னாடி உங்க கையச் சொன்னேன்."

யாரோ டம்ளரைக் கீழே வைத்தார்கள். மேனேஜர் மெதுவாகக் கேட்டார். "ரெண்டு வருஷமாவா அண்ணே? அப்போ நீங்க கையெழுத்துப் போட்டு வெளிய விட்ட வண்டி எத்தனை?"

தராசுக்கு எண்ணிக்கை தெரியவில்லை. "இனிமே அந்தக் கட்டத்துல நான் கையெழுத்துப் போடமாட்டேன் சார்" என்று மட்டும் சொன்னார். பெயிண்டரின் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவருக்கு வரவில்லை.

அவள் வாசலிலிருந்து திரும்பி வந்தாள். நீட்டிய கைகளில் ஒன்றைப் பிடித்து, வேலைப் பழக்கத்தில் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நுனிகள் சுண்ணாம்பாக வெளுத்திருந்தன. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து, மேலே அச்சிட்டிருந்த முகவரியைக் காட்டினாள்.

"இதே டாக்டர்கிட்ட போங்க. மொதல்ல விரல் நுனியில ஊசியால குத்திப் பார்ப்பாங்க. எனக்கு ரொம்ப வலிச்சுது." கடிதத்தை மடித்தாள். "உங்களுக்கு வலிக்காது."

அடுத்த வாரம் மனைவியோடு போனார். கண்ணை மூடச் சொன்னார் அந்த அம்மாள் டாக்டர். மனைவி பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. தராசு கையை நீட்டியபடி காத்திருந்தார். இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

"இப்ப ஏதாவது தெரியுதா?"

"ஒண்ணும் இல்லையே, மேடம்" என்றார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. கண்ணைத் திறந்தார். ஆள்காட்டி விரலின் நுனியில் ஊசி இறங்கியிருந்தது, சுற்றி ஒரு பொட்டு ரத்தம். மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். தராசு அழ ஆரம்பித்தார். டாக்டர் பதறி ஊசியை எடுத்துவிட்டு, "வலிக்குதாங்க?" என்று கேட்டார்.

"இல்ல மேடம்" என்றார் அவர்.