மத்தியானம் தூங்கும் வைஃபை பெட்டி

காக்ஸ் டவுனில் நாங்கள் குடியிருந்த மாடிக்குத் தனி இன்டர்நெட் கிடையாது. கீழ்வீட்டு ஹவுஸ் ஓனர் ஆன்ட்டியின் வைஃபைதான் எங்களுக்கும். தினமும் இரண்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கப் போகும்போது ஆன்ட்டி அந்தப் பெட்டியை அணைத்துவிடுவார். "நாள் பூரா ஓடினா சுஸ்தாயிடும்மா, பாவம். அதுவும் கொஞ்சம் படுக்கட்டும்" என்பார். நான்கு மணிக்குக் காபி போடும்போது அதையும் எழுப்புவார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது.

மகளுக்கு அப்போது ஏழு மாதம். என் லீவு முடிந்துவிட்டது. ஒயிட்ஃபீல்டில் ஆபீஸ், போய்வரவே அரை நாள் போய்விடும். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். எல்லாரும் வெளியிலிருந்து சர்வருக்குள் நுழைய ஒரு புதிய மென்பொருள் வந்திருந்தது. அதை நான் வீட்டிலிருந்தபடியே நிறுவி, பழைய வழியை மூடிக் காட்ட வேண்டும். அதற்காக ஒரே ஒரு தடவை ஆபீஸுக்கு ஓடிவந்தாலும், அப்புறம் தினமும் ஆபீஸ்தான்.

வெள்ளிக்கிழமை மதியம். வெளியே தூறல். இடது கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். வலது கையின் ஒற்றை விரலால் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டினேன். நிறுவு. தொடங்கு. சர்வர் எப்போது எழுந்தாலும் நீயும் எழுந்துகொள். வெள்ளை எழுத்துகள் மெல்ல மெல்ல நகர்ந்தன. எனக்கும் கண் சொருகியது. அந்த மயக்கத்தில்தான், வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வாலைப் போட்டேன். தொடர்பு அறுந்துபோகலாம், பரவாயில்லையா என்று அது கேட்கத்தான் செய்தது. பரவாயில்லை என்றேன், பெரிய மகாராணி மாதிரி.

எங்கள் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. திரையில் ஒரு புதிய ஜன்னல் வழியாகச் சர்வருக்குள் போய்ப் பார்க்காமல் பழைய ஜன்னலை மூட மாட்டோம். புதிய ஜன்னலைத் திறந்தேன். பதிலே இல்லை. பழைய வழியை அடைத்த நான், புதிய வழியைத் திறந்துவிடும்படி ஃபயர்வாலிடம் சொல்லவே இல்லை! என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். நல்லவேளை, பழைய ஜன்னலில் நான் இன்னும் உள்ளேதான் இருந்தேன். ஒரு வரி அடித்தால் போதும். இதுவும் அறுந்தால் ஆபீஸுக்குத்தான் ஓட வேண்டும்.

கீழே தட்டு கழுவும் சத்தம். மணி இரண்டு. அணைக்காதீங்க என்று கீழே பார்த்துக் கத்தும் நேரத்தில் அந்த வரியை அடித்தே விடலாம் என்று அடித்தேன். எழுத்துப் பிழை. அழித்து மறுபடி அடித்து என்டரைத் தட்டினேன். பதில் வரவில்லை. பெட்டி படுத்துவிட்டது.

என் வரி போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே நின்றதா? ஓடிப்போய் ஆன்ட்டியை எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை. தெரிந்துகொள்ளப் பயம், அதுதான் உண்மை. தெரியாதவரைக்கும் திங்கட்கிழமையும் இவள் என் கையில்தான் இருப்பாள்.

தெருவில் யாரோ "சொப்பு, சொப்பு" என்று கீரை விற்றுக்கொண்டு போனார். அந்தக் குரல் தேய்ந்து மழையோடு மழையாகிவிட்டது. கண்ணயர்ந்தேன். கனவில் ஆபீஸின் குளிர்ந்த சர்வர் அறை. நான் வெளியே நின்று கதவைத் தட்டுகிறேன். உள்ளே மகள் தவழ்ந்துகொண்டிருக்கிறாள். திறக்க அவளுக்கு எட்டாது. எனக்கு அவசரமே இல்லை, தட்டிக்கொண்டே இருக்கிறேன்.

காபி வாசனையில் விழித்தேன். வைஃபை வந்திருந்தது. புதிய ஜன்னலைத் திறந்தேன். பாஸ்வேர்டு கேட்டது. கொடுத்தேன். உள்ளே விட்டது. மகளின் தலையில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன்.

காபி டம்ளரோடு வந்த ஆன்ட்டி பதறிவிட்டார். "ஐயோ, ஏம்மா அழற? நெட் இல்லாமலா?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

திங்கட்கிழமை, அதே இடது கையில் மகளோடு, புதிய வழியாக வேலைக்குப் போனேன். இரண்டு மணிக்குக் கீழே தட்டு கழுவும் சத்தம் கேட்டதும் தட்டுவதை நிறுத்திவிட்டு வைஃபை குறியைப் பார்த்தேன். அது அப்படியே இருந்தது. மாடிப்படியிலிருந்து ஆன்ட்டியின் குரல், குழந்தை எழுந்துவிடாதபடி ரகசியமாக வந்தது.

"அழாதம்மா. நான் அணைக்கல."