வேண்டாம் அட்டை

அண்ணனுக்குப் பேச்சு வரவில்லை. அவனுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு ஒன்பது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் லைன் வீட்டில் இருந்தோம். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் கன்னடம், மளிகைக் கடையில் தெலுங்கு. மூன்றிலும் அண்ணனுக்காக நான்தான் பேசினேன். எனக்கு ஐஸ் வேண்டுமென்றால் அவன் கேட்கிறான் என்று சொல்லிவிடுவேன்.

அவன் போகும் சிறப்புப் பள்ளியில் மிஸ் ஒரு சின்ன ஃபைல் கொடுத்தார். அதில் பட அட்டைகள்: தண்ணீர், சோறு, பஸ், கழிப்பறை. வேண்டியதை அவனே உருவி எடுத்து நம் கையில் தர வேண்டும்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. மிஸ்ஸிடமே கேட்டார்: "இதக் குடுத்துப் பழக்கிட்டா அப்புறம் வாயத் தொறப்பானாம்மா?"

"பேச்சு வந்தா வரட்டும் சார். அதுவரைக்கும் அவன் சொல்ல நெனைக்கறத யாரு சொல்றது?"

நான்தான் இருக்கிறேனே என்று எனக்குக் கோபம் வந்தது.

சிவப்புப் பெருக்கல் குறி போட்ட 'வேண்டாம்' அட்டையைத்தான் அண்ணன் முதலில் கற்றுக்கொண்டான். ஒருநாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் அவனுக்கு முறுக்கு வேண்டுமாம் என்றேன். அவன் அந்த அட்டையை என் கையில் வைத்தான். ஆன்ட்டி சிரித்துவிட்டார். அன்றே அதை எடுத்து என் கணக்குப் புத்தகத்துக்குள் ஒளித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களைச் சலூனுக்குக் கூட்டிப் போனார். மெஷின் ஓடியதும் அண்ணன் ஃபைலைத் திறந்து புரட்டினான். முன்னும் பின்னும் புரட்டினான். தண்ணீர் அட்டையை நீட்டினான். அப்பா தண்ணீர் கொடுத்தார். பஸ் அட்டையை நீட்டினான். "முடிச்சிட்டுப் போலாண்டா" என்றார் அப்பா. உட்கார முடியாமல் வாசலுக்கும் பெஞ்சுக்கும் நடந்தேன். பாதித் தலை முடிந்தபோது அவன் தன் மணிக்கட்டைக் கடித்துவிட்டான். ரத்தம் வந்தது.

"அட்ட ஒண்ணுத்துக்கும் ஒதவல. நாளைக்கே திருப்பிக் குடுத்தர்றேன்" என்றார் அப்பா.

"அதுல ஒண்ண நான் எடுத்து வச்சுக்கிட்டேம்பா" என்றேன். எது என்றும் சொன்னேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் பாதித் தலையோடு அண்ணனையும் என்னையும் வீட்டுக்குக் கூட்டி வந்தார். நான் அட்டையைக் கொண்டுவந்து ஃபைலில் வைத்தேன். அண்ணன் உடனே அதை உருவி அப்பா கையில் திணித்தான். அப்பா அதை வாங்கி ஃபைலிலேயே திரும்ப வைத்தார்.

"சரிடா. வேண்டாம்."

மூன்று வாரம் அவன் பாதி முடியோடுதான் திரிந்தான். தெருவில் சிரித்தார்கள். தினமும் வேலை முடிந்து வந்ததும் அப்பா கத்தரிக்கோலைக் காட்டுவார். அண்ணன் அட்டையை நீட்டுவான். அப்பா கத்தரிக்கோலை அலமாரியில் வைத்துவிடுவார்.

"புடிச்சு வச்சு வெட்டி வுடுங்கப்பா, மானம் போகுது" என்று அழுதேன்.

"அவந்தான் வேண்டாங்கறானே பாப்பா."

ஷிப்ட் அலுப்பில் ஒரு பையனைப் பிடித்து நிறுத்தக்கூட அவருக்குத் தெம்பில்லை என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.