மூன்று தடவை கேட்க வேண்டிய மனிதர்

பாயச வாளி இன்னும் இரண்டு ஆள் தள்ளி நிற்கும்போதே வாமதேவனின் இடக்கை தட்டுக்கு மேல் குடை பிடித்துவிடும். "வேண்டாம், வேண்டாம், வயிறு முட்டிப்போச்சு" என்று வாய் சொல்லும். அந்தக் கையை உற்றுப் பார்க்கிறவருக்குத்தான் உண்மை தெரியும். விரல்களுக்கிடையே ஓர் அகப்பைப் பாயசம் தாராளமாக இறங்கிப் போகும் அளவுக்கு இடைவெளி விட்டிருப்பார். விம்பிள்டன் கோயிலில் அன்னதானம் பரிமாறுகிற பழைய தொண்டர்கள் கையை ஒதுக்கிவிட்டு அகப்பையைக் கவிழ்த்துவிட்டுப் போவார்கள். "சொல்லச் சொல்லக் கேக்கினமில்லைப் பாருங்கோ" என்று பக்கத்தில் இருப்பவரிடம் முறைப்பட்டுக்கொண்டே சொட்டு மிச்சமில்லாமல் குடித்து முடிப்பார்.

வாமதேவனுக்கு அறுபத்திரண்டு வயது. டூட்டிங் சந்தைக்குள், மீன் கடைக்கும் புடவைக் கடைக்கும் நடுவில், தேய்ந்த சப்பாத்துக்குக் குதி மாற்றிச் சாவி வெட்டிக் கொடுக்கிற ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். ஒருதரம் மறுப்பது மரியாதை, இரண்டாந்தரம் மறுப்பது நல்ல வளர்ப்பு, மூன்றாந்தரம் ஏற்றுக்கொள்வது கேட்டவருக்குச் செய்கிற உபகாரம். அவருடைய சட்டப் புத்தகம் அவ்வளவுதான். தேநீர், கதிரை, குடை, வாகனத்தில் ஒரு சவாரி, எதற்கும் இதே சட்டம். அவருடைய மனைவி ஜெகதீஸ்வரி முப்பது வருடத்துக்கு முன்பே கேட்பதை விட்டுவிட்டார். சோற்றை மூன்று தரம் தானாகவே போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

இந்தச் சட்டம் செல்லுபடியாகாத நாடுகளும் உண்டு என்பதை அவர் அனுபவித்துத் தெரிந்துகொண்டவர். லண்டனுக்கு வருவதற்கு முன் ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கத்தில், பாண் சுடுகிற ஒரு தொழிற்சாலையில் பதினாறு வருடம் வேலை செய்தார். சேர்ந்த முதல் நாளே மேற்பார்வையாளர் தன் மனைவி சுட்ட கேக்கில் ஒரு துண்டை நீட்டினாராம். இவர் நெஞ்சில் கை வைத்து, பணிவாகத் தலையாட்டி மறுத்தார். அந்த மனிதர் சரி என்று சொல்லி, இவர் கண் முன்னாலேயே அதைத் தின்றுவிட்டார். "ஜெர்மன்காரனுக்கு வேண்டாமெண்டால் வேண்டாம்தான். முதல் ஆறு மாசம் நான் மரியாதையாலயே மெலிஞ்சு போனன்" என்பார். லண்டனிலும் வெள்ளைக்காரர்கள் அப்படித்தான். ஒருமுறை நோர்தேர்ன் லைன் ரயிலில் ஓர் இளம்பெண் எழுந்து இடம் கொடுக்க, இவர் மறுக்க, அவள் நன்றி சொல்லித் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலியோடு டூட்டிங் பிராட்வேயிலிருந்து கெனிங்டன் வரை நின்றுகொண்டே போனார். ஆனாலும் அவர் கவலைப்படவில்லை. தமிழர் கூடுகிற இடத்தில் தன் சட்டத்துக்கு ஒரு குறையும் வராது என்று முழுசாக நம்பியிருந்தார்.

தமிழர் கூடுகிற இடங்களில் அவருக்கு உயிரான இடம் ஒன்று இருந்தது. ஓர் ஆங்கிலப் பாடசாலையின் கட்டடத்தைச் சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுத்து நடத்துகிற தமிழ்ப் பள்ளிக்கூடம். நூற்று நாற்பது பிள்ளைகள். இவருடைய மகள் யசோதினி அங்கே படித்து முடித்துப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். மகள் போனாள், அப்பா போகவில்லை. ஏழு வருடமாக அவர்தான் செயலாளர். பெயர்தான் பெரிது. அலுமாரியைத் திறப்பது, வரவு இடாப்புகளை வகுப்பு வகுப்பாகக் கொடுப்பது, முதலாம் வகுப்பில் யாராவது சத்தியெடுத்தால் வாளியும் துணியுமாக ஓடுவது, மேசையில் கீறிவிட்டார்கள் என்று காவலாளி கத்தும்போது தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்பது, எல்லாம் அந்தப் பதவிக்குள் அடக்கம். கடையில் சாவி வெட்டும்போதும் அவர் வாய் அடுத்த சனிக்கிழமையைத்தான் பேசிக்கொண்டிருக்கும்.

இந்த வருடம் அது இன்னும் கூடிவிட்டது. ஏப்ரலிலும் மே மாதத்திலும் வன்னிப் போர்முனையிலிருந்து வந்த செய்திகளால் ஒரு வீட்டிலும் அடுப்பு ஒழுங்காக எரியவில்லை. பெற்றோரில் பாதிப்பேர் பாராளுமன்றத்துக்கு முன்னால் பகலும் இரவும் நின்றார்கள். வாமதேவனும் வேலை நாட்களில் கடையைப் பூட்டிவிட்டு அங்கே போய் நின்றார். சனிக்கிழமை காலையில் மட்டும் தவறாமல் வந்து பள்ளிக்கூடத்தைத் திறந்தார். ஒரு சனிக்கிழமை பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். இன்னொன்றில் நான்கு. அந்த நான்கு பேருக்கும் இடாப்புக் கூப்பிட்டு, வராத நூற்று முப்பத்தாறு பெயரையும் விடாமல் வாசித்தார். எல்லாம் முடிந்துபோன பிறகு, ஜூன் மாதத்தில் ஒருநாள், "இஞ்சேரும், எனக்கு இனிக் கிழமையில சனி ஒண்டுதான் மிச்சம்" என்று ஜெகதீஸ்வரியிடம் சொன்னார். அதைக் கேட்டு அவர் அழுதார்.

ஆகவே ஒக்டோபரில் நடக்கிற வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் செயலாளர் பதவி தனக்கு வேண்டும் என்று வாமதேவன் எவ்வளவு ஆசைப்பட்டார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. புதிய இடாப்புகள்கூட முன்கூட்டியே வாங்கி வைத்துவிட்டார். அடுத்த வருடம் செய்ய வேண்டியவற்றை வரிசையாக எழுதி, நான்காக மடித்து, சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். ஆனால் அவர் ஆசைப்படுவது யாருக்கும் தெரியக்கூடாது. கேட்டவுடனே ஓம் என்கிறவனைச் சனம் பதவிக்கு அலைகிறவன் என்று சொல்லும் அல்லவா?

ஏழு வருடமும் அந்தத் தேர்தலை நடத்தியவர் ஓய்வுபெற்ற தபால் அதிகாரி ஆனந்தராஜா. அவருக்கு இந்தக் கலை கைவந்தது. ஒருவர் முன்மொழிவார், இன்னொருவர் வழிமொழிவார். "வேண்டாம், புது ஆக்கள் வரட்டும்" என்பார் வாமதேவன். ஆனந்தராஜா மறுபடி கேட்பார். "முழங்கால் ஏலாது" என்பார் இவர். அதன் பிறகு ஆனந்தராஜா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். "சபை முழுக்க உங்களைத்தான் பாக்குது. நீங்கள் மாட்டனெண்டால் நான் கூட்டத்தை ஒத்திவைக்கிறன்." வாமதேவன் தரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சரி, இந்த ஒரு வருசம் மட்டும்" என்பார். கைதட்டல் எழும். அந்த ஒரு வருடம்தான் ஏழு வருடமாக நீண்டுகொண்டு வந்தது.

இந்த முறை ஆனந்தராஜா கண் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வீட்டில் இருந்தார். அவருக்குப் பதிலாகக் கோசிகாவை இருத்தினார்கள். இதே பள்ளிக்கூடத்தில் படித்தவள். இருபத்தைந்து வயது. இப்போது ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சி எடுக்கிறாள். சாப்பாட்டு மண்டபத்தில் எண்பது பேர்வரை கூடியிருந்தார்கள். தலைவர் தெரிவு முடிந்து செயலாளர் முறை வந்தது. வழக்கம்போல யோகராஜா எழுந்து வாமதேவனை முன்மொழிந்தார், வழக்கம்போல அஞ்சலீனா ரீச்சர் வழிமொழிந்தார்.

"அங்கிள், உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டாள் கோசிகா.

"வேண்டாம் பிள்ளை. எனக்கும் வயது போட்டுது, முழங்காலும் ஏலாது. இளம் ஆக்கள் ஆரும் வரட்டும்."

ஒரே மூச்சில் இரண்டு தவணைக்குரிய மறுப்பையும் சொல்லிவிட்டார். பிள்ளைக்கு வேலை சுருங்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ. சொல்லிவிட்டுத் தரையைப் பார்க்க ஆயத்தமானார்.

"ஓகே அங்கிள். உங்கட முடிவை நாங்கள் மதிக்கிறம். ஏழு வருசச் சேவைக்கு எல்லாரும் ஒருக்காக் கை தட்டுங்கோ."

கை தட்டினார்கள். பலர் அடுத்தது என்னவென்று தெரியாமல் தட்டினார்கள். இரண்டாம் கேள்வி வரும் என்று மண்டபம் காத்திருந்தது. கோசிகா குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை. ஒருவர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவதுதான் மரியாதை என்று இந்த ஊர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. அந்த மரியாதையை அவள் மனப்பூர்வமாகச் செய்தாள். அடுத்து நிரூபன் என்கிற இளம் தகப்பனின் பெயரை யாரோ சொன்னார்கள்.

"ஓம், நான் செய்யிறன்" என்றான் நிரூபன், முதல் கேள்விக்கே. பந்தியில் விருந்தாளிக்கு முன் வடையை எடுத்துவிட்டவனைப் பார்ப்பதுபோல நாலைந்து பேர் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவனுக்கு அது விளங்கவில்லை. வேறு போட்டியில்லாமல் அவன் தெரிவானான்.

இடைவேளையில் வாமதேவன் நேரே நிரூபனிடம் போனார். அலுமாரிச் சாவிக் கொத்தைக் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்த தாளையும் எடுத்துக் கொடுத்தார். "பொங்கலுக்கு மண்டபம் இப்பவே பதிய வேணும் தம்பி. பிந்தினால் கிடையாது." நிரூபன் அதை அங்கேயே விரித்து வாசித்து, "தாங்ஸ் அங்கிள், இது பெரிய உதவி" என்றான். உண்மையாகவே சொன்னான். அதைத்தான் வாமதேவனால் தாங்க முடியவில்லை. கோபிக்கக்கூட ஒரு காரணம் இல்லை.

மூலையில் போய் நின்றவரிடம் அஞ்சலீனா ரீச்சர் தேநீர்க் கோப்பையோடு வந்தார்.

"தேத்தண்ணி குடியுங்கோ அண்ணை."

"வேண்டாம் ரீச்சர், இப்பதான் குடிச்சனான்."

"குடியுங்கோ."

"இல்லை, எனக்கு..."

ரீச்சர் மூன்றாந்தரம் கேட்கவில்லை. கோப்பையைக் கையில் திணித்துவிட்டு, "அண்ணை, இஞ்ச வளர்ந்த பிள்ளையளுக்கு ஒருக்காத்தான் கேக்கத் தெரியும். அதுகளில பிழையில்லை" என்றார். வாமதேவன் தேநீரைக் குடித்தார். அன்று அது நன்றாக இல்லை.

கூட்டம் மறுபடி தொடங்கியது. பொருளாளர், பிறகு நிர்வாக உறுப்பினர்கள். ஏழு இடத்தில் ஆறு நிரம்பிவிட்டது. ஏழாவது, வாசல் பொறுப்பு. அதைச் சொன்னவுடன் மண்டபத்தில் எல்லோருக்கும் தங்கள் சப்பாத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை தோறும் காலை ஒன்பது மணியிலிருந்து மஞ்சள் சட்டையோடு மழைக்குள் நின்று, அயல் வீட்டுக்காரரின் வாசலை மறித்து வாகனம் விடுகிற தகப்பன்மாரைத் தடுக்க வேண்டும். அயலவரும் ஏசுவார்கள், தகப்பன்மாரும் ஏசுவார்கள். ஏழு வருடமும் அந்த வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர் வாமதேவன்தான். ஒவ்வொருவரையும் மூன்று தரம் கேட்டுப் பிடித்தார்.

யோகராஜா எழுந்தார். நடந்த பிழையை எப்படியாவது சரிக்கட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு அவர் முகத்தில் இருந்தது. "நான் வாமதேவன் அண்ணையைத்தான்..."

"அங்கிள், ப்ளீஸ்" என்று கோசிகா மெல்ல இடைமறித்தாள். "அவர் முழங்கால் ஏலாதெண்டு சொன்னவர். வேண்டாமெண்டு சொன்ன ஆளை நாங்கள் திரும்பத் திரும்பக் கரைச்சல்படுத்தக் கூடாது. வேற ஆரும் இல்லையெண்டால் இந்த இடத்தை வெறுமையா விடுறன்."

யோகராஜா உட்கார்ந்துவிட்டார். கோசிகா பேனாவை எடுத்தாள். பெண்கள் பக்கத்து வரிசையிலிருந்து ஜெகதீஸ்வரி திரும்பிக் கணவரைப் பார்த்தார். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு, இந்த மனிதரிடம் ஒருதரம் கேட்டுப் பார்க்கலாமா என்று நினைப்பவர்போல அவர் உதடு அசைந்தது. அவர் கேட்கத் தேவைப்படவில்லை.

மூன்றாவது வரிசையில் வாமதேவனின் கை மேலே எழுந்தது. முதலில் தோள் உயரத்துக்கு வந்து கொஞ்சம் தயங்கியது. பிறகு இடாப்பில் தன் பெயர் விடுபட்டுப்போன பிள்ளை தூக்குவதுபோல நேராக, முழு நீளத்துக்கு நின்றது. விரல்கள் ஐந்தும் நெருக்கமாக ஒட்டியிருந்தன. கோசிகா நிமிர்ந்து பார்த்து, சிரித்து, அவருடைய பெயரை முழுதாக எழுதி முடிக்கும்வரை அவர் அந்தக் கையை இறக்கவில்லை.