பக்கத்துக் கட்டில் செல்வமேரியும் கிறிஸ்துமஸ் அட்டைகளும்

செல்வமேரி காலமான செய்தி மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் எனக்குக் கிடைத்தது. டயாலிசிஸுக்காகக் கோவை போகும் பஸ்ஸில் நானும் என் மனைவி சாந்தாமணியும் ஏறி உட்கார்ந்திருந்தோம். செல்வமேரியின் கணவர் ஆரோக்கியம் போனில் அழைத்தார். "அண்ணா, மேரி போயிட்டாளுங்க. விடியக்கால மூச்சு முட்டுதுன்னு எந்திரிச்சு உக்காந்தா. வண்டி வர்றதுக்குள்ள..." என்றார். பிறகு அவரே கேட்டார்: "இன்னைக்கு உங்களுக்கு முறை தானுங்களே? அதை உட்டுப்போடாதீங்க. முடிச்சுட்டு வாங்க. அவ இருந்தா அதைத்தான் சொல்லியிருப்பா."

அப்படியே செய்தேன். நான் போனபோது பக்கத்துக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். டயாலிசிஸ் பிரிவில் கட்டில் காலியாகக் கிடப்பதில்லை. அந்த நான்கு மணி நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முடித்துக்கொண்டு போத்தனூர் போய்ச் சேர்ந்தபோது கல்லறைக்கு எடுக்கத் தயாராகியிருந்தார்கள். முகத்தைப் பார்த்துவிட்டேன்.

எங்களோடு அந்தப் பிரிவில் கிடந்தவர்களுக்கும், கார்த்திகை மாத ஞாயிறுகளில் போத்தனூர் வீட்டுத் தரையில் கத்தரியும் கோந்துமாக உட்கார்ந்தவர்களுக்கும் இதை எழுதுகிறேன். அவரைத் தெரியாதவர்களும் படிப்பார்கள் என்பதால் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

நான் வாழைக்காய் மண்டி வைத்திருக்கிறவன். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு வாழைப்பழம் தொடக்கூடாது, இளநீர் கூடாது, தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டும் என்றார்கள். மண்டி முழுக்கத் தார்களை அடுக்கி வைத்துக்கொண்டு ஒரு பழம் தின்ன முடியாத ஆத்திரத்தில் நான் யாரோடும் பேசாமல் இருந்த காலம் அது. இடது கையில் ஊசி குத்தி இயந்திரத்தோடு பிணைத்திருப்பார்கள். அந்தக் கையை அசைக்கக் கூடாது. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண்மணி வலது கையால் ஒரு கெட்டிக் காகிதத்தை வயிற்றின் மேல் வைத்து மடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நழுவி நழுவி விழுந்தது.

"ஏனுங்ண்ணா, உங்க வலது கை சும்மாத்தானுங்களே கெடக்குது? இதைக் கொஞ்சம் புடிச்சுக்குங்க" என்று என் பக்கம் நீட்டினார்.

யார், எந்த ஊர் என்று ஒரு விசாரிப்பும் இல்லை. நான் பிடித்துக்கொண்டேன். கட்டில்களுக்கு நடுவே இருந்த சின்ன மேசையில் வைத்து நான் ஓரத்தை அழுத்த, அவர் நகத்தால் கீறி மடித்தார். என் வலது கையும் அவருடைய வலது கையும் சேர்ந்து முதல் அட்டையை மடித்து முடித்தன. "கிறிஸ்மஸுக்குங்க" என்றார். அப்போது ஆடி மாதம்.

அவருக்குக் காகிதம் தெரியும். நோய் வருவதற்கு முன்பு டவுன்ஹால் பக்கம் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கடையில் பல வருடம் வேலை பார்த்தவர். தொட்டுப் பார்த்தே எது மடித்தால் வெடிக்கும், எது வெடிக்காது என்று சொல்வார். அவருடைய கிறிஸ்துமஸ் அட்டைகள் எல்லாம் பழைய கல்யாணப் பத்திரிகைகளிலிருந்து பிறந்தவை. பொன்னிற ஓரங்கள், வெல்வெட் காகிதம், பட்டுக் குஞ்சம் எதையும் வீணாக்க மாட்டார். குங்குமச் சிவப்பில் அடித்த முகூர்த்தப் பத்திரிகையிலிருந்து, குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களுக்கு அங்கி வெட்டுவார். விஷயம் தெரிந்ததும் எல்லோரும் வீட்டில் கிடந்த பத்திரிகைகளைக் கொண்டுவர ஆரம்பித்தார்கள். பத்திரிகையின் தலைப்பில் இருக்கும் பிள்ளையாரை மட்டும் அவர் கத்தரிக்கு இரையாக்க மாட்டார். சுற்றிலும் ஒழுங்காக வெட்டி எடுத்துச் சாந்தாமணியிடம் கொடுத்துவிடுவார். "இவரை நான் குப்பையில போட முடியாதுங்கக்கா. நீங்களே வெச்சுக்குங்க." எங்கள் சாமி அறையில் ஒரு டப்பா நிறையப் பிள்ளையார்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர்களை என்ன செய்வது என்று சாந்தாமணிக்கு இன்றுவரை தெரியவில்லை.

கட்டில்தோறும் காகிதம் பரவியபோது தலைமை நர்ஸ் தடை போட்டார். தரையில் காகிதத் துணுக்குகள், கோந்துப் பிசுக்கு, ரத்தக் குழாய்க்குப் பக்கத்தில் கத்தரி. நாங்கள் முணுமுணுத்தோம். செல்வமேரி மட்டும், "சிஸ்டர் சொல்றது நியாயந்தானுங்க. இங்க மடிக்கிறதோட நிறுத்திக்கலாம். வெட்டறது ஒட்டறதெல்லாம் நம்ம ஊட்ல. ஞாயித்துக்கிழமை எல்லாரும் வந்துருங்க" என்றார். அழைப்பு மாதிரி இல்லை. வேலைக்கு ஆள் சொல்வது மாதிரி இருந்தது.

போனோம். அவர் வீட்டு முன்னறையில் பாய் விரித்து நோயாளிகளும் வீட்டுக்காரர்களுமாக உட்கார்ந்தோம். ஆரோக்கியம் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தைக் கையால் தொடமாட்டார். தேநீர் மட்டும் அவர் பொறுப்பு. எங்கள் தண்ணீர்க் கணக்கு தெரிந்து, பொம்மை விளையாட்டு டம்ளர் அளவு சின்ன டம்ளர்களில் கொடுப்பார். உலர்பழம் எங்களுக்கு ஆகாது என்பதால் கேக்கும் வெறும் கேக்தான். "பாக்கறதுக்கு ரொட்டி மாதிரி இருக்குதேங்க" என்று யாரோ சொன்னதற்கு, "தின்னுபோட்டுப் பொழைச்சுக் கெடங்க" என்றார் செல்வமேரி. நான் மண்டியிலிருந்து வாழைச் சருகும் நாரும் கொண்டுபோனேன். கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சருகால் கூரை வேய்ந்தோம். நட்சத்திரத்துக்கு மூங்கில் குச்சிகளை நாரால் கட்டினோம். தின்ன முடியாத வாழை வேறு வகையில் என் கைக்குத் திரும்பி வந்ததில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

செல்வமேரியின் தம்பி சிறுநீரகம் தருவதாக முன்வந்தார். மாதக்கணக்கில் பரிசோதனை நடந்தது. அதை நம்பி அவர் அடுத்த கிறிஸ்துமஸுக்கு ஆலயத்துக்கு நடந்தே போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை வந்து படுத்தவர், "தம்பிக்குச் சர்க்கரை இருக்குதாமுங்க. குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது. மாத்திரை சாப்பிட்டுக்குவான்" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் எழுந்து போய் எதுவும் சொல்ல முடியாது, கையில் ஊசி. வெகுநேரம் கழித்துத் திரும்பினார். கண் சிவந்திருந்தது. "அந்தச் செவப்புக் காகிதம் எங்கீங்ண்ணா?" என்றார். அன்று மடித்தது மற்ற நாட்களைவிட அதிகம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாவது வருடம் என் இடது கை ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. அறுவை செய்து பார்த்தார்கள், சரிவரவில்லை. கழுத்தில் குழாய் வைத்தார்கள். காய்ச்சல் வந்தது. போதும் என்று முடிவு செய்தேன். மண்டியை மருமகன் பார்த்துக்கொள்வான், சாந்தாமணிக்கு வீடு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை முறைக்குப் போகவில்லை. இனிப் போகப்போவதில்லை என்று வீட்டில் சொல்லியும் விட்டேன்.

மறுநாள் மதியம் செல்வமேரி வந்து நின்றார். போத்தனூரிலிருந்து இரண்டு பஸ் மாறி, மூங்கில் குச்சிக் கட்டை ஆரோக்கியத்தின் தோளில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். முதல் நாள் டயாலிசிஸ் செய்துகொண்ட உடம்பு. படியேறும்போது இரண்டு இடத்தில் நின்றார்.

"நீங்களாச்சும் சொல்லுங்க அம்மணி. நான் சொன்னாக் கேக்கமாட்டேங்கறாரு" என்று சாந்தாமணி அழுதாள்.

"நான் ஒண்ணும் சொல்ல வரலீங்கக்கா. குடில் கூரைக்குச் சருகு வேணும். அப்படியே நட்சத்திரத்தைக் கட்டீட்டுப் போலாம்னு வந்தேன்."

உட்கார்ந்து கட்டினார். குச்சிகளை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார், பிடித்துக்கொண்டேன். எனக்கு ஏற்கெனவே மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், கேட்கவில்லை. கிளம்பும் நேரத்தில்தான் வாயைத் திறந்தார். "நிறுத்தறதுன்னா நிறுத்திக்குங்கண்ணா. அது உங்க இஷ்டம். ஆனா டிசம்பர்ல நிறுத்தாதீங்க. வேலை பாதியில கெடக்குது. எனக்கு வேற ஆளு கெடையாது."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் உசுரைவிட உன்ற அட்டை பெருசா அம்மணி?" என்று கத்தினேன்.

அவர் கோபப்படவில்லை. "அட்டைதானுங்க இப்ப என்னால ஆகற காரியம். உங்க உசுருக்கு நான் என்னங்க பண்ண முடியும்?" என்றார். பிறகு, "நாளைக்குக் காலையில ஒரு இடம் காலி இருக்குதாமுங்க. சிஸ்டர்கிட்டச் சொல்லி வெச்சுட்டேன்" என்று படியிறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். காலையில் போய்ப் படுத்தேன். எந்த வார்த்தையில் மனம் மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. ஒருத்தி இவ்வளவு தூரம் வந்துவிட்டுப் போயிருக்கிறாள் என்ற ஒன்றுதான் மண்டையில் ஓடியது.

ஜனவரி பிறந்ததும் நான் அவரைச் சீண்டினேன். "டிசம்பர் முடிஞ்சுபோச்சே அம்மணி, இனி நான் நிறுத்திக்கலாமா?" அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. "பொங்கலட்டை ஆருங்க செய்யறது?" என்றார். ஊசி குத்த வந்த சிஸ்டர் சிரித்ததில் ஊசியையே கீழே வைத்துவிட்டார்.

போன வருடம் நடந்ததை மட்டும் சொல்லி முடிக்கிறேன். எங்களோடு கோபிசெட்டிபாளையத்திலிருந்து ராமசாமி என்று ஒரு விவசாயி வந்துகொண்டிருந்தார். நெல்லும் மஞ்சளும் போடுகிறவர். பருத்த விரல்கள். அவர் மடித்தால் ஓரம் எப்போதும் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். டிசம்பர் தொடக்கத்தில் அவர் போய்விட்டார். பிரிவில் அந்த வாரம் யாரும் காகிதத்தைத் தொடவில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறு, கோபிக்கு அட்டை கொண்டுபோக வேண்டும் என்றார் செல்வமேரி.

"எழவு உளுந்த ஊட்டுக்கு வாழ்த்தா? தப்பா நெனச்சுக்குவாங்க" என்று நான் தடுத்தேன்.

"வாழ்த்துன்னு ஆருங்க சொன்னா? உள்ள ஒரு எழுத்து எழுதலீங்க. துக்க ஊடுன்னா பண்டிகை சமயத்துல ஒருத்தரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. அப்பத்தானுங்க அவங்க தனியாக் கெடப்பாங்க."

ஒரு வாடகை வண்டியில் நானும் சாந்தாமணியும் செல்வமேரியும் ஆரோக்கியமும் போனோம். ராமசாமியின் மனைவி எங்களை உட்காரச் சொன்னார். செல்வமேரி அட்டையை நீட்டினார். வெள்ளை அட்டை, மேலே வாழை நாரில் செய்த ஒரு குடிசை, வேறெதுவும் இல்லை. அந்த அம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எதற்கு என்று புரியாமல்.

"இந்த மடிப்பு உங்க ஊட்டுக்காரர் மடிச்சதுங்க" என்றார் செல்வமேரி. "ஆஸ்பத்திரியில, எனக்கு நேர் எதிர்க் கட்டில்ல. நான் மேல ஒட்டுனது மட்டுந்தான்."

அந்த அம்மாள் கோணலான அந்த ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு, மறுபடியும். அப்புறம்தான் அழுதார். அழுது முடித்ததும் எழுந்து போய் எங்களுக்குச் சோறு வைத்தார். உப்பில்லாமல் தனியாக நோயாளிகள் எங்கள் இருவருக்கும் ரசம் வைக்க அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

திரும்பும் வழியில் செல்வமேரி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். நன்றாகக் களைத்திருந்தார். இந்த வருடம் அவர் இதயம் பலவீனமாகிவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னபோதும் முறை தவறவில்லை. ஐப்பசியில் கடைசியாக என்னிடம் சொன்னது, வெல்வெட் காகிதம் தீர்ந்துவிட்டது, கல்யாண வீடுகளில் சொல்லி வையுங்கள் என்பதுதான்.

அடக்கம் முடிந்து ஏழாம் நாள் ஜெபத்துக்குப் போயிருந்தோம். இந்த வருடம் வாசலில் நட்சத்திரம் கட்டக் கூடாது என்று உறவினர்கள் பேசிக்கொண்டார்கள். அது அவர்கள் வழக்கம், நான் குறுக்கே பேசவில்லை. கூட்டம் கலைந்த பிறகு ஆரோக்கியத்திடம், "ஞாயித்துக்கிழமை நாங்க வாரமுங்க" என்றேன். "வாங்கண்ணா. காகிதமெல்லாம் பீரோவுல இருக்குது. எனக்குத்தான் ஒண்ணும் தெரியாது" என்றார். "தெரிஞ்சுக்கலாம் வாங்க" என்றேன்.

போன ஞாயிறு உட்கார்ந்தோம். என் பக்கத்துக் கட்டிலுக்குப் புதிதாக வந்தவரும் தன் மகளோடு வந்திருந்தார். ஆரோக்கியம் முதல்முறையாகப் பாயில் இறங்கி உட்கார்ந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வாயைத் திறந்துகொண்டு வெட்டினார். தேவதையின் ஒரு இறக்கை துண்டாகிவிட்டது. இன்னொன்று வெட்டினார். அதற்கு நடுவில் அவர் அழுதார். யாரும் கையை நிறுத்தவில்லை.

செல்வமேரி எனக்கு ஆறுதல் என்று எதுவும் சொன்னதில்லை. தைரியமாக இருங்கள் என்று சொன்னதில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்தச் சொல்லாமையைத்தான்: பக்கத்தில் ஒருவர் தளர்ந்தால் அவர் கையில் ஏதாவது ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு, அதைச் செய்து முடிக்கும்வரை கூடவே இருப்பது. எனக்கு அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. வாய் முந்திக்கொண்டு புத்தி சொல்லப் போகிறது. அடக்கிக்கொள்ளப் பழகுகிறேன்.

கிறிஸ்துமஸ் வரை எல்லா ஞாயிறும் போத்தனூரில்தான் இருப்போம். மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வாருங்கள். கத்தரி இருந்தால் எடுத்து வாருங்கள்.