செங்கழுகின் சிரிப்பு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? எனக்கு வந்தது பட்டப்பகலில். மதியம் இரண்டு பத்து. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

என் பெயர் கெங். பாங்காக்கில் சண்டைக் காட்சிகளுக்கு டூப் போடுகிறவன். எங்கள் 'செங்கழுகு' தொடரைப் பார்க்காத வீடு அப்போது கிடையாது. நாயகன் பகலில் முவாய் தாய் குத்துச்சண்டை சொல்லிக்கொடுப்பான். அநியாயம் என்றால் சிவப்பு முகமூடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். முதல் சீசனின் கடைசியில் ஒரு அரிசிக் கிடங்கில் குத்துப்பட்டுச் செத்துக் கிடப்பான். ஊரே அழுதது. இரண்டாவது சீசன் அதே தரையில், அதே பிணத்திலிருந்து ஆரம்பம்.

நாயகன் நவின் பிணமாகப் படுக்க மாட்டார். அதற்கு டூப். போன தடவை படுத்தவன் வித். அவன் எங்கே என்று எங்கள் சண்டைப் பயிற்சியாளர் தோயிடம் கேட்டேன்.

"ஊருக்குப் போயிட்டான். உனக்கு வேலை வேணுமா, அவன் விலாசம் வேணுமா?"

வேலைதான் வேண்டும். இத்தனை வருடம் அடியாள் கூட்டத்தில் நின்று உதை வாங்கியவனுக்கு முகமூடி கிடைத்திருக்கிறது. வாயை மூடிக்கொண்டேன்.

உடைகளைப் பார்த்துக்கொள்ளும் லம்யை அக்கா பெட்டியைத் திறந்து முகமூடியை எடுத்துக் கொடுத்தாள். உள்பக்கம் ஈரம்.

"என்னக்கா இது, இப்பத்தான் யாரோ கழட்டின மாதிரி வேர்வையா இருக்கு?"

"ஒரு வருஷமா பூட்டியே கெடக்கு. உளறாம மாட்டுடா."

மாட்டினேன். குப்பென்று தைல வாசனை. சண்டைக்கு முன் உடம்பில் தேய்ப்போமே, அது. நான் அன்றைக்குத் தைலத்தைத் தொடவேயில்லை.

நவின் நாற்காலியில் சாய்ந்தபடி, "நல்லாப் படு. நீயெல்லாம் பொணமா நடிக்கத்தான் லாயக்கு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் படுத்தேன்.

எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவன், எழுவதற்கு முன்னால், படுத்த இடத்திலேயே கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடிப்பார்கள். சிரித்தால் சாவு வேஷத்தோடு போய்விடும். சிரிக்காமல் எழுந்தால் சாவும் கூடவே எழுந்து வரும். இதில் மட்டும் யாரும் விளையாட மாட்டார்கள்.

"ஆக்‌ஷன்!"

கண்ணை மூடினேன். கிடங்கு அமைதியானது. ஸ்ஸ்... ஸ்ஸ்... என் பக்கத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

கேமராக்காரராக இருக்கும் என்று நினைத்தேன். அவர் பத்தடி தள்ளி அல்லவா இருந்தார்?

நான் மூச்சை அடக்கினேன். அது அடங்கவில்லை.

ஸ்ஸ்... ஸ்ஸ்...

என் நெஞ்சின் மேல் ஒரு முழங்கால் ஏறியது.

"தள்ளுடா... இது என் எடம்."

"கட்! கெங், சிரி!"

உதடு அசையவில்லை. விரல் அசையவில்லை.

கத்தினேன். சத்தம் வரவில்லை...

காதுக்குள் யாரோ சிரித்தார்கள்.

"போதும், அருமை! எந்திரி."

பாரம் விட்டுப் போனது. உடம்பு தானாக உதறி எழுந்தது. நேரே தோயிடம் ஓடினேன்.

"அண்ணே, நான் சிரிக்கவே இல்ல. மறுபடி எடுங்கண்ணே."

"அதான் ஈன்னு இளிச்சியே, நாங்க பாக்கல? போடா, நாடகம் போடாத."

சட்டையைத் தூக்கிக் காட்டினேன். நெஞ்சு நடுவில் கறுத்துக் கன்றிப்போயிருந்தது. அவர் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் எடிட்டிங் அறையில் அந்தக் காட்சியைப் போடச் சொன்னேன். லம்யை அக்காவும் கூட வந்தாள். தரையில் நான். சிவப்பு முகமூடி. அதற்குக் கீழே வாய் சிரிக்கிறது. முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கிறது.

எனக்கு ஒரு பல்கூட உடைந்ததில்லை.

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அது வித்தோட பல்லுடா. நவின் வேணும்னே உதைச்சு உடைச்சது. அவன் ஊருக்கெல்லாம் போகல. பொணமா படுத்த நாலாம் நாள், பறக்குற சண்டைக்குக் கட்டின கயித்துல இருந்து விழுந்து கழுத்து முறிஞ்சு செத்தான். வெளிய சொன்னா வேலை போயிரும்னு எங்க வாயைக் கட்டிட்டாங்க."

"அவன் சிரிக்கலையா?"

"எங்க சிரிக்க விட்டாங்க? 'கட்'னு சொன்னதும் அவனை எழுப்பித் தள்ளிட்டாங்க. ரசிகர்களுக்குக் காட்டணும்னு நவின் வந்து அந்த எடத்துல படுத்து அழகாச் சிரிச்சாரு. ஒரு வருஷமாக் காத்துக் கெடந்து, இப்பத்தான் பாவி சிரிச்சிருக்கான்..."

"அப்ப நான்?"

அக்கா என் கையை விட்டுவிட்டாள்.

கிடங்குக்கு ஓடினேன். அதே தரையில் படுத்தேன். கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தேன், வாய் வலிக்க வலிக்கச் சிரித்தேன். என்ன பிரயோசனம்?

நான்தான் அன்றைக்கே சிரிக்காமல் எழுந்துவிட்டேனே.

நாளைக் காலை ஒன்பது மணிக்கு எனக்குக் கயிறு கட்டுகிறார்கள்.